துளையிடுவது ஒரு வேலை, ஸ்க்ரூ ஏற்றுவது வேறு வேலை

18 மி.மீ. கனமுள்ள பிளைவுட் அலமாரிக் கதவு. வெளிப்பக்கம் லேமினேட் ஒட்டி, விளிம்புக்குப் பட்டி அடித்து, எல்லாம் முடிந்து கீல் பதிக்கிற கட்டத்தில் மேசைமேல் குப்புறக் கிடந்தது. அடி தட்டையாக, அகலமான குழி எடுக்கும் 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டை ஒயர் டிரில்லில் மாட்டி அழுத்தினேன். கதவுக்குள் கிண்ணம்போல் பதியும் கப் கீலுக்கு வேண்டிய குழி பன்னிரண்டு, பன்னிரண்டரை மி.மீ. ஆழம்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டு போனேன். கதவைத் திருப்பிப் பார்த்தால், வழவழப்பான லேமினேட்டின் நடுவே கடுகளவு ஒரு மேடு. பிட்டின் நடுமுள் அடியிலிருந்து முட்டியிருக்கிறது. விரலால் தடவியதும் அந்த மேடு பொரிந்து உதிர்ந்தது.

மேஸ்திரி கதவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"எந்த மிஷினை எடுத்தே?"

"அந்த ஒயர் டிரில்லைத்தாண்ணே."

"அதுக்கு ஒரே வேகம். அமுக்குனா பறக்கும், விட்டா நிக்கும். இந்த வேலைக்கு அது ஆகாது தம்பி. மெதுவா சுத்துறதை எடு."

அவரே கியர் மாற்றக்கூடிய டிரில்லை எடுத்து, அதே பிட்டை மாட்டி, அதே பிளைவுட்டின் துண்டு ஒன்றில் குழி எடுத்துக் காட்டினார். என் கையில் புகை நாற்றத்தோடு பழுப்புத் தூளாக வந்தது, அவர் கையில் செதில் செதிலாக வந்து விழுந்தது. பிட் ஒன்றுதான், பலகை ஒன்றுதான். மாறியது வேகம் மட்டும்.

அன்றைக்கு எனக்குக் காரணம் புரியவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 மி.மீ. பிட்டின் விளிம்பு ஒரு சுற்றுக்கு 110 மி.மீ. தூரம் ஓடுகிறது. நிமிடத்துக்கு 2,500 சுற்று என்றால் 275 மீட்டர் தூரம் மரத்தை உரசுகிறது. அதே வேகத்தில் 3 மி.மீ. பிட் 24 மீட்டர்கூட ஓடுவதில்லை. சிறிய பிட்டுக்குச் சரியான வேகம் பெரிய பிட்டைச் சுட்டுப் பொசுக்கிவிடுவது இதனால்தான். இன்னொன்று, நடுமுள் பிட்டின் அடியைவிட இரண்டு மூன்று மி.மீ. முன்னால் நிற்கும். ஆழக் கணக்கில் அதையும் சேர்க்கவேண்டும். நான் சேர்க்கவில்லை.

இத்தனை வருட வேலைக்குப் பிறகு, புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். டிரில் என்று ஒரே பெயரால் அழைக்கிறோம், ஆனால் மரவேலையில் அது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, மரத்தை அறுத்து வெளியே தள்ளுவது. இன்னொன்று, ஸ்க்ரூவை மரத்துக்குள் இழுத்து உட்காரவைப்பது. முதல் வேலைக்குப் பிட்டின் அளவுக்கு ஏற்ற வேகம் வேண்டும், கூர்மை வேண்டும், தூள் வெளியேற வழி வேண்டும். இரண்டாவதற்கு மெதுவான பலம் வேண்டும். எங்கே நிற்பது என்று தெரிவது அதைவிட முக்கியம். எந்த மிஷின் எந்த வேலைக்குப் பிறந்தது என்று பார்த்தால் இத்தனை வகைகளும் தானாகப் புரிந்துவிடும்.

தமரையும் கைத் துரப்பணத்தையும் வைத்து வேலை செய்தவர்களுக்கு இந்தக் குழப்பமே இருந்திருக்காது. துளைக்குத் தமர், ஸ்க்ரூவுக்குத் திருப்புளி. கையில் எடுத்துப் போகும் மின்சார டிரில்லை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனம் 1895-ல் செய்தது. துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் இழுக்கும் விசையும் கொண்ட டிரில்லுக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917-ல் காப்புரிமை வாங்கியது. ஒயர் இல்லாத பேட்டரி டிரில்லையும் அதே நிறுவனம் 1961-ல் கொண்டுவந்தது. இன்றைக்குத் துளையும் ஸ்க்ரூவும் ஒரே மிஷினுக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

ஒயர் டிரில்லில் இருந்து தொடங்குகிறேன். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்க்குச் சக் என்று பெயர். 10 மி.மீ. சக் உள்ளது எடை குறைவு, வேகம் அதிகம். நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் போகும். சின்னத் துளைகளை வரிசையாகப் போட, டவல் (பலகைகளை இணைக்கும் உருண்டை மரக்குச்சி) மூட்டுகளுக்குத் துளையிட, இன்றைக்கும் எனக்கு அதுதான் பிடிக்கும். பேட்டரி தீருமே என்ற கவலை இல்லை, நாள் முழுக்க ஓடும். 13 மி.மீ. சக் உள்ளது அதைவிடக் கனமானது, வேகம் குறைவு, பலம் அதிகம். பெரிய ஆக்கர் பிட், வட்டமாக அறுத்துத் துளை எடுக்கும் ஹோல் சா எல்லாவற்றையும் அது சுழற்றும். சுழற்றும் என்பதுதான் அதன் ஆபத்தும்.

ஒருமுறை கட்டில் காலுக்கான தடித்த கட்டையில் 25 மி.மீ. ஆக்கர் பிட்டால் துளை போட்டுக்கொண்டிருந்தேன். ஆக்கர் பிட்டின் நுனியில் ஒரு சிறு திருகு இருக்கும், அதுவே பிட்டை மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். நாம் அழுத்தவே வேண்டியதில்லை. பக்கப் பிடி இடிக்கிறதே என்று கழற்றி வைத்திருந்தேன். முக்கால் ஆழத்தில் ஒரு கணு. பிட் நின்றது, மோட்டார் நிற்கவில்லை. மிஷினின் உடல் அப்படியே சுழன்று என் மணிக்கட்டைக் கட்டையோடு சேர்த்து முறுக்கியது. விசையை விடவேண்டும் என்று மூளை சொல்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூன்று வாரம் இழைப்புளியைப் பிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு 13 மி.மீ. டிரில்லைப் பக்கப் பிடி இல்லாமல் நான் தொட்டதில்லை. பக்கப் பிடியை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதும் முக்கியம். பிட் சிக்கினால் மிஷின் எந்தத் திசையில் சுழலப் பார்க்குமோ, அந்தத் திசையில் பக்கப் பிடி ஏதாவது உறுதியான ஒன்றில் முட்டி நிற்கும்படி வைத்துக்கொண்டால் அடி கைக்கு வராது. விசையை அழுத்தி வைக்கும் பூட்டுப் பொத்தான் ஒன்று இருக்குமே, பெரிய பிட் மாட்டியிருக்கும்போது அதைத் தொடவே கூடாது. விரலை எடுத்தால் மிஷின் நிற்கவேண்டும். அதேபோல், துளை மறுபக்கம் வெளியேறும் கடைசி நொடியில்தான் பிட் மரத்தைக் கவ்வும். அந்த இடத்தில் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

இப்போது பட்டறையில் அதிகம் புழங்குவது பேட்டரி டிரில்தான். டிரில் டிரைவர் என்பார்கள். துளையும் போடும், ஸ்க்ரூவும் ஏற்றும். மேலே ஒரு கியர் பட்டன், 1 என்றும் 2 என்றும் போட்டிருக்கும். 1-ல் பெரும்பாலான மிஷின்கள் நிமிடத்துக்கு நானூறு, ஐந்நூறு சுற்று வரை போகும், பலம் அதிகம். 2-ல் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும், பலம் குறைவு. ஸ்க்ரூவுக்கும் ஃபோர்ஸ்ட்னர் பிட்டுக்கும் 1. மெல்லிய பிட்டுகளுக்கு 2. மிஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போது கியரை மாற்றாதீர்கள், பல்சக்கரம் தேய்ந்துவிடும். நின்றபின் பட்டன் நகர மறுத்தால், சக்கைக் கையால் லேசாகத் திருப்பினால் போதும், உட்கார்ந்துவிடும்.

இந்த மிஷினின் உயிர், சக்கின் பின்னால் இருக்கும் எண் போட்ட வளையம். கிளட்ச். வேலைக்கு வருகிற பலரும் அதை டிரில் படம் போட்ட இடத்திலேயே வைத்துவிட்டுப் பிறகு தொடுவதே இல்லை. டிரில் படத்தில் வைத்தால் கிளட்ச் வேலை செய்யாது, முழுப் பலமும் ஸ்க்ரூவுக்குப் போகும். எண்ணில் வைத்தால், அந்த அளவு எதிர்ப்பு வந்ததும் 'டர்ர்' என்று சத்தமிட்டு விட்டுக்கொடுத்துவிடும். ஸ்க்ரூ அங்கேயே நிற்கும். அந்த எண்கள் ஒரு மிஷினுக்கும் இன்னொரு மிஷினுக்கும் ஒத்துப்போகாது, அதனால் 'எட்டில் வை' என்று யாராவது சொன்னால் அது அவர் மிஷினுக்கு மட்டும்தான் சரி.

நான் செய்வது இப்படி. வேலைப் பலகையிலிருந்து வெட்டி மிஞ்சிய துண்டை எடுத்து, அதே ஸ்க்ரூவை, அதே பைலட் துளையில் (ஸ்க்ரூவுக்கு வழிகாட்ட முன்கூட்டியே போடும் சிறு துளை), கிளட்சை 3-ல் வைத்து ஏற்றுவேன். தலை உட்காரும் முன் கிளட்ச் விட்டால் ஓர் எண் கூட்டுவேன். தலை பலகையோடு சமமாக உட்கார்ந்த உடனே விடுகிற எண் எதுவோ, அதுதான் அந்த வேலைக்கு. இரண்டு நிமிடம்கூட ஆகாது. மரத்துகளையும் பொடி நாரையும் பசையிட்டு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டிலும் எம்டிஎஃபிலும் இதைச் செய்யாமல் கீல் மாட்டினால், பத்து ஸ்க்ரூவில் இரண்டாவது, பிடியை இழந்து சும்மா சுற்றிவிடும். அந்தப் பலகையில் மரத்தில் இருப்பதுபோல் நீண்ட நார் கிடையாது. புரி ஒருமுறை அரைத்துவிட்டால் அந்தத் துளை தூளாகிவிடும்.

பழைய துளையில் மறுபடி ஸ்க்ரூ ஏற்றும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் பின்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் 'டக்' என்று சின்னதாக இறங்கும். பழைய புரியின் வாய் அது. அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் ஸ்க்ரூ பழைய தடத்திலேயே போகும், புதிய புரியை அறுக்காது. இதைத் திருப்புளியால் செய்வதுதான் நல்லது. கைக்குத் தெரிகிற அந்த 'டக்' மிஷினில் தெரியாது.

வோல்ட் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 18 வோல்ட், 20 வோல்ட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரே பேட்டரிதான். உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கும். ஒன்றுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18. முழுச் சார்ஜில் ஒன்றுக்கு 4 வோல்ட் என்று கணக்கிட்டால் 20. 12 வோல்ட் என்று எழுதியிருப்பதும் மூன்று செல், அதாவது 10.8 வோல்ட். அலமாரி, இழுப்பறை, கீல், கைப்பிடி வேலைகளுக்கு அந்தச் சின்ன 12 வோல்ட் மிஷினே தாராளம். அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வேலை செய்யும்போது அதன் எடைக் குறைவு எவ்வளவு பெரிய விஷயம் என்று மாலையில் தோள் சொல்லும். 18 வோல்ட் மிஷினிலும் தலைக்கு மேல் வேலை என்றால் 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை மாட்டுங்கள். பெரிய பேட்டரி நீண்ட நேரம் ஓடும், ஆனால் கை அதற்கு முன்பே தீர்ந்துபோகும்.

பேட்டரிக்குச் சூடு ஆகாது. வேலை செய்து கொதித்த பேட்டரியை உடனே சார்ஜரில் போடாமல் ஆறவிட்டுப் போடவேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகக்கூடாது. பல நாள் எடுக்கப்போவதில்லை என்றால், முழுச் சார்ஜிலோ முழுக்கத் தீர்ந்த நிலையிலோ வைக்காமல் பாதியளவில் வைத்துவிடுங்கள்.

மோட்டாரில் கார்பன் பிரஷ் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை. பிரஷ் உள்ளதில் அது தேயும், பொறி பறக்கும், ஒருநாள் விட்டுவிட்டு ஓடும். பல மிஷின்களில் பிரஷை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும், மிஷினைத் தூக்கி எறியவேண்டாம். பிரஷ் இல்லாதது ஒரே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும், சூடும் குறைவு. தினமும் வேலை செய்பவருக்கு அது தகும். வீட்டில் எப்போதாவது எடுப்பவருக்குப் பிரஷ் உள்ளதே போதும்.

அப்புறம் இம்பாக்ட் டிரைவர். பார்க்கக் குட்டையாக இருக்கும். சக்குக்குப் பதில் 6.35 மி.மீ. அறுகோணத் துளை இருக்கும். ஸ்க்ரூ எதிர்ப்புக் காட்டியதும் உள்ளே ஒரு சுத்தி சுழற்சித் திசையிலேயே அடிக்கத் தொடங்கும், நிமிடத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேல். அடி திருகும் திசையில் விழுவதால் மணிக்கட்டுக்கு முறுக்கு வராது, பிட்டும் ஸ்க்ரூ தலையிலிருந்து எகிறாது. 75 மி.மீ., 100 மி.மீ. ஸ்க்ரூக்களைக் கனமான சட்டத்தில் ஏற்றும் வேலைக்கு இதைப்போல் ஒன்று கிடையாது. என் மணிக்கட்டு இன்றும் ஒழுங்காக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சத்தம் மட்டும் காதைத் துளைக்கும், காதடைப்பான் போடாமல் ஓட்டவேண்டாம்.

ஆனால் பெரும்பாலான இம்பாக்ட் டிரைவரில் அந்த எண் வளையம் கிடையாது. எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியாது. தேக்கில் செய்த ஒரு பழைய நகைப்பெட்டியைச் சரிசெய்யும்போது, கையருகே இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக இதை எடுத்துப் பித்தளை ஸ்க்ரூவை ஏற்றினேன். இரண்டே அடி. தலை தனியாகத் தெறித்து விழுந்தது, தண்டு மரத்துக்குள் தங்கிவிட்டது. அந்தத் தண்டை எடுக்க, சுற்றிலும் மரத்தைக் குடைந்து, கட்டை அடைத்து, நிறம் சேர்த்து, ஒரு நாள் போனது. பித்தளை மென்மையான உலோகம். அதே அளவுள்ள இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி எடுத்து, புரியை அதை வைத்தே அறுத்துவிடவேண்டும். பிறகு பித்தளை ஸ்க்ரூவின் புரியில் மெழுகுவத்தியைத் தேய்த்து, கைத் திருப்புளியால் ஏற்றவேண்டும். கடைசிக் கால் சுற்று விரல்களின் வேலை.

திருப்பும் பிட்டையும் கவனியுங்கள். வெறும் கூட்டல் குறி போன்ற தலைக்கு பிஹெச், கூட்டல் குறியின் நடுவே மெல்லிய பெருக்கல் கோடும் இருந்தால் அது பிஇசட். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் பிஹெச் பிட் பிஇசட் தலையில் முழுதாக உட்காராது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஸ்க்ரூ தலை கெட்டுப்போவதில் பாதி, மாற்றி மாட்டிய பிட்டால் வருவது என்றே நினைக்கிறேன்.

ஹேமர் டிரில் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது சுவருக்கானது. உள்ளே இரண்டு பல்வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி அதிர்வைத் தரும். நிலைச்சட்டத்தைச் செங்கல் சுவரில் இறுக்கும்போது தேவைப்படும். கான்கிரீட் என்றால் எஸ்டிஎஸ் சக் (பிட்டை உள்ளே தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் வகை) உள்ள ரோட்டரி ஹேமர்தான் சரி, அதில் அடிப்பது காற்றழுத்தத்தில் ஓடும் பிஸ்டன். சுவர் வேலை முடித்து மரத்துக்குத் திரும்பும்போது ஹேமர் பட்டனை மாற்ற மறக்காதீர்கள். மாற்றாமல் மரத்தில் போட்டால் துளையின் வாய் நாராகக் கிழிந்துவிடும். குறுகலான இடத்துக்கென்று தலை பக்கவாட்டில் திரும்பிய கோண டிரில் உண்டு. வருடத்தில் நாலைந்து முறை எடுப்பேன், ஆனால் எடுக்கிற அன்றைக்கு அது இல்லாமல் வேலையே நடக்காது.

மிஷினைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், மரத்தைத் தொடுவது பிட்தான். இரும்புக்கும் மரத்துக்கும் பொதுவான சாதாரண முறுக்குப் பிட், மரத்தில் வைத்ததும் கொஞ்சம் நழுவும். ஆணியாலோ தமரூசியாலோ ஒரு புள்ளி குத்திவிட்டு வைக்கவேண்டும். நடுவில் முள் உள்ள பிராட் பாயின்ட் பிட் நழுவாது, துளையின் விளிம்பும் சுத்தமாக வரும். டவலுக்கு அதுதான். ஸ்பேட் பிட் முரட்டு வேலைக்கு, ஒயர் போகிற துளைக்கு. எந்தப் பிட்டாக இருந்தாலும் மறுபக்கம் சிலும்பாமல் இருக்க, அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்து இறுகக் கிளாம்ப் போடுங்கள். அதற்கு வழியில்லை என்றால், நடுமுள் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி, அந்த முள் துளையில் வைத்து மறுபக்கத்திலிருந்து முடித்துவிடுங்கள்.

ஆழமான துளையில் பிட்டை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தள்ளவேண்டும். தூள் அடைத்தால் பிட் சூடேறும், பிறகு சிக்கும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு 1971-ல் நிலாவுக்குப் போன அப்போலோ 15 நினைவுக்கு வரும். விண்வெளி வீரர்கள் ஒரு பேட்டரி டிரில்லை எடுத்துப்போனார்கள். துளைத் தண்டுகளின் இணைப்பில் தூள் மேலே ஏறும் பள்ளம் சரியாகத் தொடரவில்லை. தூள் அடைத்துக்கொண்டது, நினைத்த ஆழத்துக்குத் துளை இறங்கவில்லை. நிலா மண்ணாக இருந்தாலும் தேக்காக இருந்தாலும் அறுத்தது வெளியே வந்தாகவேண்டும்.

நேராகத் துளையிட நான் கற்றுக்கொண்ட இரண்டு வழிகள். மேலிருந்து கீழே போடும்போது, ஒரு பழைய சிடியைப் பலகைமேல் வைத்து அதன் நடு ஓட்டை வழியாகப் பிட்டை இறக்குங்கள். பிட்டும் சிடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒரே கோடாக நின்றால் நேர். எந்தப் பக்கம் மடிந்து தெரிகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கிடைமட்டமாகப் போடும்போது, நீண்ட ஆக்கர் பிட்டின் வழவழப்பான தண்டில் ஒரு வாஷரைக் கோத்துவிடுங்கள். மிஷின் மெல்லச் சுற்றும்போது வாஷர் சக் பக்கம் நகர்ந்தால் உங்கள் கை தாழ்ந்திருக்கிறது, மரத்தின் பக்கம் நகர்ந்தால் கை உயர்ந்திருக்கிறது. வாஷர் நின்ற இடத்திலேயே நின்றால் மட்டம். ஆழத்துக்குப் பிட்டில் டேப் ஒட்டினால் போதும். டேப்பின் நுனியைக் கொடிபோல் கொஞ்சம் நீட்டி விடுங்கள், அது தூளைத் துடைக்கிற நேரம் நிறுத்துகிற நேரம். ஃபோர்ஸ்ட்னர் பிட்டுக்கு டேப் சரிவராது. அதற்கு ஆழம் நிறுத்தும் வளையத்தோடு வரும் கீல் வழிகாட்டியை வைத்திருக்கிறேன், அந்தக் கதவுக்குப் பிறகு.

பைலட் துளைக்கு அளவு பார்க்க அட்டவணை தேவையில்லை. ஸ்க்ரூவைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் முன்னால் பிட்டைப் பிடியுங்கள். ஸ்க்ரூவின் நடுத் தண்டு மறைந்து, இரு பக்கமும் புரி மட்டும் தெரிந்தால் அது சரியான பிட். 4 மி.மீ. ஸ்க்ரூ என்றால் மென்மரத்துக்கு 2.5, கடின மரத்துக்கு 3 மி.மீ. அளவில் வரும்.

பலர் தவறவிடுவது மேல் பலகையின் துளை. இரண்டு பலகையை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் ஒரே பைலட் துளை போட்டு ஸ்க்ரூ ஏற்றிப் பாருங்கள். நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி அப்படியே நிற்கும். எவ்வளவு இறுக்கினாலும் மூடாது. புரி மேல் பலகையையும் பிடித்திருக்கிறது, கீழ்ப் பலகையையும் பிடித்திருக்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் எப்படி நெருங்கும்? மேல் பலகையில் மட்டும் 4.5 மி.மீ. துளை போட்டு, ஸ்க்ரூ அதில் தடையில்லாமல் வழுக்கிப் போகும்படி செய்யுங்கள். இப்போது புரி கீழ்ப் பலகையை மட்டும் இழுக்கும், தலை மேல் பலகையை அழுத்தும். இடைவெளி கண்ணெதிரே மூடும். கூடுதல் பலமுள்ள மிஷின் வாங்கினால் இது சரியாகும் என்று நினைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

சக்கில் மெல்லிய பிட்டை மாட்டும்போது மூன்று தாடைக்கும் நடுவில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தாடைக்கு இடையில் ஒதுங்கி மாட்டிக்கொள்ளும். இறுகினதுபோலத்தான் தெரியும். ஓட்டினால் நுனி வட்டமடிக்கும், உடனே ஒடியும். வேலையைத் தொடங்கும் முன் ஒரு நொடி காற்றில் ஓட்டி நுனியைப் பார்த்தால் தெரிந்துவிடும். சாவி போட்டு இறுக்கும் சக் என்றால் மூன்று துளையிலும் சாவியை வைத்து இறுக்குங்கள், ஒன்றில் மட்டும் இறுக்கினால் பாரம் வந்ததும் பிட் வழுக்கும். சாவியை ஒயரில் பிளக்குக்குப் பக்கத்தில் கட்டிவையுங்கள். பிளக்கைப் பிடுங்கினால்தான் சாவி சக்குக்கு எட்டவேண்டும்.

கையுறை போட்டுக்கொண்டு டிரில் ஓட்டவேண்டாம், துணியைப் பிட் சுருட்டினால் விரலும் கூடப் போகும். தொங்கும் சட்டைக் கையும் அப்படித்தான். கண்ணாடி எப்போதும் போடுங்கள். எம்டிஎஃப் தூள் மிக நுண்ணியது, அதற்கு முகமூடியும் வேண்டும். சின்னத் துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் துளை போடுவதை யார் செய்தாலும் நான் நிறுத்திவிடுவேன். கிளாம்ப் போட ஒரு நிமிடம்தான் ஆகும்.

முதலில் எதை வாங்குவது என்று கேட்டால், கிளட்சும் இரண்டு கியரும் உள்ள ஒரு பேட்டரி டிரில் டிரைவர், இரண்டு பேட்டரியோடு. அலமாரி வேலை மட்டும் என்றால் 12 வோல்ட், கட்டில், கதவு, சட்டம் என்று போனால் 18. அதற்குப் பின் கை வலிக்க வலிக்க நீண்ட ஸ்க்ரூ ஏற்றுகிற நாள் வந்தால் இம்பாக்ட் டிரைவர். அதே நிறுவனத்தின் அதே பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். ஒயர் டிரில் பழையது யாரிடமாவது சும்மா கிடந்தால் விடாதீர்கள். மிஷினில் மிச்சப்படுத்தினாலும் பிட்டில் மிச்சப்படுத்தாதீர்கள். நல்ல பிராட் பாயின்ட் பிட்டுகள் 3 முதல் 10 மி.மீ. வரை, 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் ஒன்று, ஸ்க்ரூ தலை பதியக் குழி எடுக்கும் கவுன்டர்சிங்க் ஒன்று, பிஹெச்2, பிஇசட்2 பிட்டுகள் கைநிறைய. திருப்பும் பிட்டின் நுனி மழுங்கி, ஸ்க்ரூ தலையில் ஆட்டம் காட்டத் தொடங்கியதும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுங்கள்.